பூண்டிக்குப் போனால் மதகோடு திரும்பிவிடாதீர்கள்

திருவள்ளூரிலிருந்து ஊத்துக்கோட்டை செல்லும் சாலையில் உள்ளது பூண்டி நீர்த்தேக்கம். மழைக்காலத்தில் ஏரி நிரம்பி மதகு திறந்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமை அங்கே திருவிழாக் கூட்டம்தான். குழந்தைகளோடு வருபவர்கள் கரைமேல் நின்று தண்ணீர் பாய்வதைப் பார்க்கிறார்கள், வறுத்த மீன் வாங்கிச் சாப்பிடுகிறார்கள், படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். விவசாயக் குடும்பங்களுக்கு அங்கே பார்க்க வேண்டியது இன்னும் இருக்கிறது.

கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட இந்த அணை 1944-ல் திறக்கப்பட்டது. சென்னை மேயராக இருந்து இத்திட்டத்துக்காகப் பாடுபட்ட சத்தியமூர்த்தி, திறப்பு விழாவைக் காணாமலே 1943-ல் மறைந்தார். அவர் பெயராலேயே இது சத்தியமூர்த்தி சாகர் என வழங்குகிறது. உயரம் 35 அடி, கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி, மதகுகள் 16. காவேரிப்பாக்கம் பக்கத்து உபரி நீரும், நகரி, நந்தி ஆறுகள் வழியாக ஆந்திர மலைகளின் மழைநீரும் இங்கே வந்து சேர்கின்றன. 1996 முதல் கண்டலேறு அணையிலிருந்து கால்வாய் வழியே கிருஷ்ணா நீரும் வருகிறது. தேங்கும் நீர் கால்வாய்கள் மூலம் புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளுக்குச் சென்று சென்னையின் தாகம் தீர்க்கிறது.

ஏரியைப் பார்த்த கையோடு பூண்டியில் உள்ள தொல்லியல் அருங்காட்சியகத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். அருகிலுள்ள அதிரம்பாக்கத்தில் ராபர்ட் புரூஸ் ஃபுட் 1863-ல் கற்கோடரிகளைக் கண்டெடுத்தார். பதினைந்து லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே மனிதர்கள் கல்லாயுதம் செய்தார்கள் என்பது பிற்கால ஆய்வின் முடிவு. அன்றும் மனிதன் இந்த ஆற்றோரத்தைத்தான் தேடி வந்திருக்கிறான்.

இனி அணைக்குக் கீழே ஆற்றோடு போவோம். தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைத் தாண்டி எண்ணூரில் ஆறு கடலில் கலக்கிறது. ஆண்டில் பெரும்பகுதி மணல்தான் தெரியும். ஆனால் அந்த மணலுக்கு அடியில் ஊறும் நீர்தான் இருகரைக் கிணறுகளுக்கும் உயிர். வறட்சியான ஆண்டுகளில் சென்னைக்காக விவசாயக் கிணறுகளின் தண்ணீரே விலைக்கு வாங்கப்பட்டது. பணம் கையில் வந்தது; நீர்மட்டம் கீழே போனது. மீஞ்சூர்ப் பக்கம் ஆழ்துளைக் கிணறுகள் அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே நுழைந்துவிட்டது. ஒருமுறை உப்பேறிய கிணறு எளிதில் திரும்புவதில்லை.

வடக்கே கும்மிடிப்பூண்டி வட்டத்திலும் இதே பாடம்தான். கண்ணன்கோட்டை, தேர்வாய்கண்டிகை ஏரிகளை இணைத்து 500 மில்லியன் கன அடி கொள்ளளவில் அமைந்த நீர்த்தேக்கம் 2020-ல் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்காக விளைநிலங்களும் கொடுக்கப்பட்டன. பக்கத்திலேயே சிப்காட் தொழிற்சாலைகள். நகரம், ஆலை, வயல் மூன்றுக்கும் வேண்டியது ஒரே நிலத்தின் நீர்.

ஆகவே பூண்டிக்குப் போய் வந்தபின் செய்ய வேண்டியவை சில உண்டு. ஆற்றோரக் கிராமத்தினர் தடுப்பணை, ஏரி வரத்துக் கால்வாய் ஆகியவற்றை மழைக்கு முன்பே தூர்வாரக் கிராமசபையில் கேட்க வேண்டும். மணல் அள்ளுவதைத் தடுக்க வேண்டும். மணல் போனால் ஊற்றும் போகும். கடலோரப் பக்கத்து விவசாயிகள் ஒவ்வொரு கோடையிலும் கிணற்று நீரைச் சுத்தமான பாட்டிலில் எடுத்துப் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, உப்பின் அளவு தெரிந்தபின் பயிரைத் தேர்ந்தெடுப்பது நல்லது. உபரி நீர் திறக்கும் அறிவிப்பு வந்தால் ஆற்றுக்குள் மாடு ஓட்டவோ குளிக்கவோ இறங்கக்கூடாது.

மதகில் பாயும் தண்ணீரில் எவ்வளவு மண்ணுக்குள் இறங்குகிறது என்பதில்தான் அடுத்த கோடையின் மகசூல் இருக்கிறது.