சத்தமும் சொல்லும்

ஜப்பானில் ஓடிய மோட்டார் வண்டியை வாங்குகின்றவர் அதனோடு ஜப்பானிய மொழியையும் சிறிது விலைக்கு வாங்குகின்றார். வண்டியை முடுக்கியதும் நமக்கு விளங்காத குரலொன்று ஏதோ உபசாரம் கூறும். அது போகட்டும். வானொலியின் கதைதான் வேடிக்கையானது. அந்நாட்டுப் பண்பலை ஒலிபரப்பு 76 மெகாஹேர்ட்சில் ஆரம்பிக்கின்றது. பழைய வண்டிகளின் வானொலிப் பெட்டிகள் 90 உடன் நின்றுவிடும். நமது நாட்டிலோ நிலையங்கள் 88க்கும் 108க்கும் இடையே உள்ளன. எனவே அவற்றிற் பெரும்பாலானவை அப்பெட்டிக்கு எட்டாக் கனி. இக்குறையைத் தீர்க்க, அலைகளைக் கீழிறக்கிக் கொடுக்கும் சிறு கருவியொன்றை அன்ரனா வயரிலே பொருத்துவார்கள். நிலையங்கள் கேட்கும், கூடவே இரைச்சலும் கேட்கும்.

2020ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இல் வழி திறந்தபோது புதிய வண்டியின் விலை ஆசிரியர் ஒருவரின் கனவுக்கும் அப்பாற் சென்றிருந்தது. இருக்கும் வண்டியையே பேணுவோம் என்று அமைந்த குடும்பங்களுள் எங்களதும் ஒன்று.

யாழ்ப்பாணத்திலிருந்து ஏ-9 வீதியால் மாத்தளைக்குத் திரும்பும்போது, தம்புள்ளையைக் கடந்ததும் சமவெளி முடிந்து மலைகள் நெருங்கத் தொடங்கும். நாலந்தாவை அணுகிய வேளையில் வானொலியிலே மரண அறிவித்தல் வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. பின்னாசனத்திலிருந்த அம்மா திடுக்கிட்டு நிமிர்ந்தார். பள்ளித் தோழி ஒருவரின் பெயர் அவர் செவியில் விழுந்திருந்தது. ஊர் கொக்குவிலா, கோண்டாவிலா என்பதுதான் தெளியவில்லை. நான் சத்தத்தைக் கூட்டினேன். “தம்பி, சத்தம் வருது, சொல்லு வரேல்லை” என்றார். அவ்வளவில் மலை மறைத்து நிலையமும் கரகரத்து அடங்கிற்று. அங்கிருந்து மாத்தளை ஏறக்குறைய 25 கிலோமீட்டர். அத்தூரம் முழுவதும் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து தொலைபேசியில் விசாரித்த பின்னரே, இறந்தவர் கோண்டாவிலைச் சேர்ந்த வேறொருவர் என்பதும், கொக்குவில் தோழி சுகமாயிருக்கின்றார் என்பதும் தெரிந்தன.

அம்மா கூறியதை ஆராய்ந்து பார்த்தால் அதில் ஒலி நூலே அடங்கியிருக்கின்றது. உயிரெழுத்துக்களின் நாதம் பெரும்பாலும் தாழ்ந்த ஒலிகளில் நிற்கின்றது. க, ச, ட, த என்னும் மெய்களைப் பிரித்துக் காட்டுபவை உயர்ந்த ஒலிகளே. முதுமையிற் செவி முதலில் இழப்பதும் இவ்வுயர் ஒலிகளைத்தான். இனி, வண்டியோடு வந்த ஒலிபெருக்கியைப் பாருங்கள். காகிதக் கூம்பு ஒன்று. உயர் ஒலிக்கெனத் தனி உறுப்புக் கிடையாது. பொருத்தியிருக்கும் இடமோ கதவின் அடிப்பாகம். எஞ்சிய உயர் ஒலியும் காலணிகளுக்கே கேட்கும். உயிர் வருகின்றது, மெய் வருவதில்லை!

கொழும்பிற் கடைக்காரர் ஒருவர் இதற்குக் கூறிய பரிகாரம், ஆயிரம் வாட் என்று பொறித்த பெரியதோர் அம்பிளிபயர். பெட்டியில் அச்சிடும் வாட் கணக்குகளைப் பஞ்சாங்கத்து மழையைப் போல நம்பவேண்டும். அன்றியும், சத்தம் இரு மடங்காகச் செவிக்குத் தோன்ற வலு ஏறக்குறையப் பத்து மடங்காக வேண்டும். தெளிவில்லாத சொல்லைப் பத்து மடங்கு வலுவோடு கேட்டு ஆவதென்ன? இன்னொருவர் தொலைக்காட்சி போன்ற திரையுள்ள பெட்டியைக் காட்டினார். வீதியைப் பார்க்க வேண்டிய கண்ணுக்கு அது வேண்டாத விருந்து.

நான் வாங்கியவை மூன்று: நமது அலைவரிசைக்கு அமைந்த சாதாரண வானொலிப் பெட்டி, உயர் ஒலிக்கூம்பு தனியாகவுள்ள ஆறரை அங்குல ஒலிபெருக்கிச் சோடி, கதவினுள் ஒட்டும் பசைத் தகடுகள். கூலியோடு சேர்த்தும் ஒரு மாதச் சம்பளத்தை எட்டவில்லை.

வேலையைச் செய்தவர் நாலந்தாவில் வீதியோரம் சிறிய கராஜ் வைத்திருக்கும் சிங்களத் தொழிலாளி. அவரைப் பாஸ் என்றே எல்லாரும் அழைப்பர். தனிக்கூம்புகளைப் பின்கதவின் மேல்மூலையில், அம்மாவின் செவிக்கு அண்மையில் வைக்கச் சொன்னேன். “எல்லாரும் முன்னுக்குத்தானே போடுறது, சேர்?” என்று கேட்டார். காரணத்தைச் சொன்னதும், தம் தாயாரும் அப்படித்தான் என்று சிரித்துக்கொண்டே அளவெடுக்கலானார்.

அவருடைய கவனம் பெரும்பகுதியும் கதவிலேயே சென்றது. ஒலிபெருக்கியின் பின்புறத்தினின்று எழும் அலை, கதவின் துவாரங்கள் வழியே முன்னே வந்து, முன்புற அலையோடு மோதித் தாழ்ந்த ஒலிகளை அழித்துவிடும். துவாரங்களைத் தகட்டால் மூடினால், அதே ஒலிபெருக்கியில் தவிலின் தொப்பி பேசத் தொடங்கும். ஆனால் கதவின் அடியிலுள்ள மழைநீர் வடியும் துளைகளை மாத்திரம் மூடலாகாது. மூடினால் மாத்தளை மழை கதவுக்குள் தங்கித் துருப்பிடிக்கச் செய்யும். கம்பிகளின் நேர், எதிர் முனைகளைக் கண்டறிய அவர் கைக்கொண்ட உபாயம் எங்கள் விஞ்ஞான மாணவர்களுக்கும் பயன்படும். ஒன்றரை வோல்ற் மின்கலத்தைக் கணப்பொழுது தொட்டுக் காட்டினார். கூம்பு வெளியே துள்ளினால் மின்கலத்தின் நேர்முனை தொட்ட கம்பியே நேர். ஒன்று மாறிவிட்டாலும் இரு ஒலிபெருக்கிகளும் ஒன்றையொன்று எதிர்த்துத் தாழ்ந்த ஒலியை விழுங்கிவிடும்.

இப்போது செய்தி வாசிப்பவர் எத்தனை ஊர்ப்பெயர் கூறினாலும் அம்மா திருப்பிச் சொல்லுகின்றார். தேவாரத்திற் சொல் பிரித்துப் பாடாத ஓதுவார்களைக் கண்டிக்கவும் ஆரம்பித்துவிட்டார்! யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தியின் தவில் ஒலிப்பதிவைப் போட்டால் மாத்திரம், “கொஞ்சம் குறை தம்பி” என்கின்றார்.

மலைகளை எந்தப் பாஸாலும் திருத்த முடியாது. பண்பலை பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்வது. நடுவே மலை நின்றால் அறுந்துபோகும். நாலந்தாவில் அது இன்னும் அறுகின்றது. நீர்த்தேக்கத்துக்காகக் கல் கல்லாகப் பெயர்த்து மேட்டிலே மீண்டும் எழுப்பப்பட்ட பழைய கெடிகே அங்கேதான் இருக்கின்றது. நிலையம் கரகரக்கத் தொடங்கியதும் அம்மா வானொலியை நிறுத்தச் சொல்லி, கோபுரம் தெரியாதா என்று அத்திசையைப் பார்த்துக்கொண்டு வருகின்றார்.