தராசில் ஏறும் மூன்று தலைமுறை

ஆனைகட்டி சோதனைச்சாவடியைத் தாண்டினால் கேரளத்தின் அட்டப்பாடி. அங்கே ஓர் ஊரின் அங்கன்வாடியில், எடை பார்க்கும் நாளன்று சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். இருளர் பாட்டி ஒருவர் மகள் வயிற்றுப் பேரனைத் துணித்தொட்டிலில் வைத்துத் தராசில் மாட்டிவிட்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் எடையைச் சொன்னதும் என் பக்கம் திரும்பினார். "வயித்துல இருந்தப்பவே இவங்கம்மா சரியாத் தின்னல, கண்ணு."

பிறக்கும்போது இரண்டரை கிலோவாவது இருக்க வேண்டும். ஐந்தாறு மாதத்தில் அது இரட்டிப்பாகும், ஓராண்டில் மும்மடங்காகும். 50 செ.மீ. நீளத்தில் பிறந்த பிள்ளை நாலு வயதில் ஒரு மீட்டரைத் தொடும். கரு உருவானதிலிருந்து இரண்டு வயது வரை சுமார் 1000 நாள். அந்த நாட்களில் விட்டதைப் பிறகு பிடிப்பது கடினம்.

2013இல் அட்டப்பாடியில் பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. எடை குறைந்தும் குறைமாதத்திலும் பிறந்த பிள்ளைகள். இரத்தசோகையில் வெளுத்த தாய்மார்கள். அதன்பின் ஊர்களில் சமூகச் சமையற்கூடங்கள் வந்தன. கோட்டத்தறை பழங்குடியினர் மருத்துவமனைமேல் கவனம் விழுந்தது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்கள் தயாரிக்கும் அமிர்தம் பொடியும் அங்கன்வாடியில் கிடைக்கிறது. எல்லாம் வேண்டியவைதான். ஆனால் பாட்டியின் சிறுவயதில் ராகியும் சாமையும் துவரையும் ஒரே காட்டில் விளைந்தன. நிலம் கைமாறியது; தட்டில் ரேஷன் அரிசி மட்டும் மிஞ்சியது. 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. அரிசியில் இருப்பது அதில் மிகச் சிறு பங்குதான்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்கிறோம். முளையைக் குனிந்து பார்க்கிற நாம் மண்ணைத் தொட்டுப் பார்ப்பதில்லை. பெண் சிசுவின் சினைப்பையில் கருமுட்டைகள் உருவாவது, அது தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே. அப்படியானால் இந்தப் பேரனாக வளர்ந்த முட்டையை முதலில் சுமந்தவர் இந்தப் பாட்டிதான். அவர் அன்று தின்ற களியும் கீரையும் அதற்கும் சேர்த்துத்தான்.

பள்ளி விட்டதும் பையனின் அக்கா வந்தாள். பன்னிரண்டு பதின்மூன்று வயதிருக்கும். கிடுகிடுவென உயரும் பருவம். மாதவிலக்கு தொடங்கி, உடல் இரும்புச்சத்து கேட்கும் பருவமும் அதுவே. தம்பியை இடுப்பில் ஏற்றிக்கொண்டவளிடம், காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன்.

"கட்டன் சாயா."

பாட்டி எழுந்து தம்பியை வாங்கிக்கொண்டார். "டீச்சர், இவளுக்கும் எடை பாருங்க" என்றார்.