நிலமா, நிலவா?

கல்லூரியில் சேர்ந்த புதிதில் எங்கள் ஊர் டீக்கடையில் ஒரு பெரியவர் என்னை நிறுத்தி, "என்ன கண்ணு படிக்கிறே?" என்று கேட்டார். "நிலவியல் படிக்கிறனுங்க" என்றேன். "அதைப் படிச்சா எந்த வேலைக்குப் போறது?" என்றார். பதில் சொல்லத் தெரியாமல் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அம்மாவுக்கு மட்டும் அந்தக் கேள்வி எழவேயில்லை. நிலவியல் என்றால் நிலத்தைப் பற்றிய இயல் என்று நாம் பிரிக்கிறோம். அவள் நிலவைப் பற்றிய இயல் என்று பிரித்துக்கொண்டாள். மூன்றாம் வகுப்போடு நின்றவள் அவள். அவள் காதில் அந்தச் சொல் அப்படித்தான் விழுந்திருக்கிறது. வானத்தைப் பற்றிப் படிக்கிறவனுக்கு வேலை கிடைக்காமலா போகும் என்பது அவள் எண்ணம். நான் திருத்தவில்லை. திருத்தியிருந்தால், கல்லையும் மண்ணையும் படிக்கவா மூன்று வருடம் என்று அவள் கேட்டிருப்பாள்.

முதலாண்டில் உதவித்தொகை விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட அம்மா கல்லூரிக்கு வந்தாள். துறை வாசலில் எங்கள் பேராசிரியர் அவளை உட்காரச் சொல்லி விசாரித்தார். அம்மா எழுந்து நின்று, "எம்பையன் நெலாவப் பத்திப் படிக்கிறானுங்க ஐயா, பாத்துக்கோங்க" என்றாள். சுற்றி நின்ற மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். உண்மையைச் சொன்னால் எல்லாரையும்விட என் சிரிப்புத்தான் சற்று உரத்துக் கேட்டது. நான் அவளைப்போல் விவரம் தெரியாதவன் அல்லன் என்று காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. பேராசிரியர் சிரிக்கவில்லை. "ஆமாங்கம்மா, அதையுந்தான் படிக்கிறான்" என்றார். அம்மாவின் மனம் நோகாமலிருக்க அப்படிச் சொல்கிறார் என்று அன்று நினைத்தேன். அதன்பிறகு வகுப்பில் எனக்கு 'நிலாப்பையன்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

பெயர் வந்ததற்காகவேனும் நிலவைப் பற்றித் தெரிந்துகொள்வோம் என்று நூலகத்தில் தேடத் தொடங்கினேன். படிக்கப் படிக்க ஒன்று புலப்பட்டது. நிலவின் நடமாட்டத்தைப் பற்றிப் புத்தகம் சொல்வதில் பாதியை அம்மா ஏற்கெனவே அறிந்திருந்தாள். "நேத்து வந்த நேரத்துக்கு இன்னிக்கு நெலா வராது சாமி, ரெண்டு நாழி தள்ளித்தான் வரும்" என்பாள். ஒரு நாழிகை 24 நிமிடம். இரண்டு நாழிகை 48 நிமிடம். நிலவு நாள்தோறும் சராசரியாக 50 நிமிடம் தாமதித்து எழுகிறது என்று புத்தகம் கூறுகிறது. வேறுபாடு இரண்டே நிமிடம்!

நாள்காட்டியில் 'இன்று ரோகிணி' என்று போட்டிருந்தால் நிலவு அன்று ரோகிணிப் பகுதியில் நிற்கிறது என்று பொருள். விண்மீன்களை வைத்து அளந்தால் நிலவு பூமியை ஒருமுறை சுற்றிவர 27 நாள் 7 மணி 43 நிமிடம் ஆகிறது. நட்சத்திரங்களை 27 என்று வகுத்தவர்கள் இதைக் கண்டுதான் வகுத்தார்கள். ஆனால் அமாவாசைக்கு அமாவாசை இருபத்தொன்பதரை நாள் ஆகிறதே, அது ஏன்? 27 நாளில் சூரியனும் நம் கண்ணுக்கு 27 பாகைபோலக் கிழக்கே நகர்ந்துவிடுகிறது. நாளொன்றுக்கு 13 பாகை செல்லும் நிலவு அதை எட்டிப் பிடிக்க மேலும் இரண்டு நாள் வேண்டும். இந்தக் கணக்கு எனக்கு விளங்கிய அன்று விடுதி மொட்டைமாடியில் தனியாக நின்று சிரித்தேன். அது வேறு சிரிப்பு.

வகுப்பில் பெரிய சண்டை நடந்தது நிலவின் தற்சுழற்சி பற்றித்தான். நிலவு எப்போதும் ஒரே முகத்தைத்தான் நமக்குக் காட்டுகிறது. ஆகவே அது தன்னைத்தானே சுற்றவில்லை என்று பாதி வகுப்பு வாதிட்டது. எனக்கு என் அப்பிச்சி ஓட்டிய செக்கு நினைவுக்கு வந்தது. செக்குமாடு சுற்றும்போது அதன் ஒரு பக்க விலா மட்டுமே எப்போதும் செக்கைப் பார்த்திருக்கும். செக்கின் மேல் உட்கார்ந்திருப்பவன் மாட்டின் மறு விலாவைக் காணமாட்டான். ஆனால் வாசலில் நிற்கும் என்னைப்போன்ற பொடியனுக்கு மாட்டின் முகம் தெரியும், பிறகு விலா தெரியும், பிறகு வால், பிறகு மறு விலா. ஒரு சுற்று முடிவதற்குள் மாடு நான்கு திசையையும் ஒருமுறை பார்த்துவிடுகிறது. அப்படியானால் அது தானும் ஒருமுறை சுழன்றிருக்கிறது என்பதுதானே பொருள்? நிலவும் அப்படியே, ஒருமுறை சுற்றும் காலமும் ஒருமுறை சுழலும் காலமும் அதற்கு ஒன்றே. ஆதியில் வேகமாகச் சுழன்ற நிலவைப் பூமியின் ஈர்ப்பு இழுத்து இழுத்து இந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டது. இதை நான் கரும்பலகையில் மாடு வரைந்து விளக்கினேன். மாடு சரியாக வரவில்லை, விளக்கம் எடுபட்டது. (நிலவின் பாதை முழு வட்டமன்று, அச்சும் சற்றே சாய்ந்தது, அதனால் அது கொஞ்சம் அசைந்து கொடுத்து, மொத்தத்தில் 59 விழுக்காடு பரப்பை நமக்குக் காட்டிவிடுகிறது. செக்குமாட்டில் இது கிடையாது.) மறுபுறத்தை மனிதன் முதன்முதலாகப் பார்த்தது 1959இல், சோவியத் நாட்டின் லூனா 3 அனுப்பிய படத்தில்தான்.

இதற்கிடையில் ஒரு துணைப்பாடத்தில் அரியர் விழுந்தது. அப்பா போர் வண்டியில் வேலை செய்கிறார். வண்டியோடு வடக்கே போனால் ஊர் திரும்ப மாதக்கணக்காகும். நானும் வண்டியேறிவிட்டால் வீட்டுக் கடன் சீக்கிரம் அடையுமே என்று எண்ணிப் பெட்டியைக்கூடக் கட்டிவைத்தேன். அந்தச் சமயத்தில்தான் களப்பயணம் வந்தது.

சித்தம்பூண்டிக்குப் போகிறோம் என்றதும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. நாமக்கல் மாவட்டத்தில் பரமத்தி வேலூர்ப் பக்கம் இருக்கிறது அந்த ஊர். எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போய்விடலாம். அம்மா ஆடு மேய்க்கும் காடும் அதே கற்களால் ஆனதுதான். காட்டில் இறங்கியதும் பேராசிரியர் கரும்புள்ளிகள் விரவிய ஒரு வெள்ளைக் கல்லைச் சுத்தியால் உடைத்து என் கையில் தந்தார். "உன் ஊர்க் கல்தானே, சொல்லு பார்ப்போம்" என்றார். "வெங்கச்சங்கல் ஐயா" என்றேன் சட்டென்று. எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவர் உண்மையான வெங்கச்சங்கல் ஒன்றைப் பொறுக்கிவந்து இதன்மேல் கீறச் சொன்னார், கோடு விழுந்தது. உருப்பெருக்கியை வைத்துப் பார்க்கச் சொன்னார். வெங்கச்சங்கல் கண்ணாடிபோலக் கண்டபடி உடைந்திருந்தது; இதுவோ தட்டையாக, பளபளக்கும் முகங்களாக உடைந்திருந்தது. "இது அனார்த்தோசைட். ராத்திரி நிலாவில் வெள்ளையாகத் தெரிகிற இடமெல்லாம் இந்த இனத்துக் கல்தான். உங்கம்மா தப்பாக ஒன்றும் சொல்லவில்லையப்பா" என்றார். ஓராண்டுக்கு முன் நடந்ததை அவர் மறக்கவில்லை. எனக்குத் தலை நிமிரவில்லை.

அதன்பின் தேடித்தேடிப் படித்தவற்றைச் சொல்கிறேன்.

1969 முதல் 1972 வரை ஆறு அப்போலோப் பயணங்களில் பன்னிரண்டு பேர் நிலவில் நடந்து, 382 கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்தார்கள். முதல் பயணத்து மண்ணிலேயே வெண்மையான சிறு துணுக்குகள் சில இருந்தன. அவற்றை ஆராய்ந்தவர்கள் 1970இல் துணிந்து ஒரு கருத்தைச் சொன்னார்கள்: நிலவு தொடக்கத்தில் வெளிப்புறம் முழுவதும் உருகிய பாறைக்குழம்புக் கடலாக இருந்தது. மோர் கடையும்போது வெண்ணெய் மேலே திரள்கிறதல்லவா? அதுபோல அந்தக் கடல் ஆறியபோது எடை குறைந்த பிளேஜியோகிளேஸ் என்னும் கனிமம் மேலே மிதந்து வெள்ளைத் தோலாக உறைந்தது. ஆலிவின், பைராக்சின் போன்ற கனமானவை கீழே படிந்தன. கைப்பிடித் துணுக்குகளை வைத்துக்கொண்டு முழு நிலவின் பிறப்பைச் சொன்ன இந்தத் துணிச்சல் என்னை மிகவும் கவர்ந்தது. 1971 ஆகஸ்டு முதல் தேதி அப்போலோ 15இல் சென்ற டேவிட் ஸ்காட், ஜேம்ஸ் இர்வின் இருவரும் ஏறத்தாழத் தூய அனார்த்தோசைட் கல்லொன்றையே கண்டெடுத்தார்கள். அதன் வயது 400 கோடி ஆண்டுகளுக்கும் மேல்.

கறுப்புப் பகுதிகள் பிறகு வந்தவை. பெரிய விண்கற்கள் மோதிய பள்ளங்களில் உள்ளிருந்து பசால்ட் குழம்பு பொங்கி நிறைந்து உறைந்தது. நாம் முயல் என்றும் வடை சுடும் பாட்டி என்றும் சொல்வது அந்த எரிமலைச் சமவெளிகளைத்தான். அவற்றில் பெரும்பாலானவை 300 கோடி ஆண்டுக்கு மேற்பட்டவை. ஆனாலும் 2020இல் சீனாவின் சாங்கே 5 கொண்டுவந்த பசால்ட்டின் வயது 200 கோடிதான். அங்கே அடுப்பு அவ்வளவு காலம் அணையாமல் இருந்திருக்கிறது.

சித்தம்பூண்டிக் கல் நிலவிலிருந்து விழுந்ததன்று. அதன் வயது சுமார் 250 கோடி ஆண்டு. பூமிக்குள் உருவாகி, வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து மாறியது. கறுப்புப் புள்ளியாகத் தெரியும் ஹார்ன்பிளெண்டு நீரைத் தன்னுள் கொண்ட கனிமம். நிலவுக் கல்லில் அதைத் தேட முடியாது. ஆனால் வெள்ளைப் பகுதியில் கால்சியம் மிகுதி, நிலவில் உள்ளதைப்போலவே. ஏ. பி. சுப்பிரமணியம் என்ற அறிஞர் இந்தப் பாறைத் தொகுதியை விரிவாக ஆராய்ந்து 1956இல் எழுதினார். அப்போது நிலவுக்கல்லை எவரும் தொட்டதில்லை.

சந்திரயான் 2இன் இறங்குகலத்தையும் ஊர்தியையும் சோதிக்க இஸ்ரோவுக்கு நிலவின் மண் போன்ற மண் டன் கணக்கில் தேவைப்பட்டது. வெளிநாட்டில் வாங்கினால் விலை மிக அதிகம். சித்தம்பூண்டியிலும் அருகிலுள்ள குன்னமலையிலும் கல்லெடுத்து, அதை அரைத்து, பெங்களூரில் நிலவுத் தரையை உண்டாக்கினார்கள். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்து நிலவியல் துறையும் அதில் துணைநின்றது. 2019 செப்டம்பரில் அந்த இறங்குகலம் கடைசி நேரத்தில் விழுந்து நொறுங்கியது. 2023 ஆகஸ்டு 23இல் சந்திரயான் 3 தென்துருவத்தை ஒட்டிய பகுதியில் பத்திரமாக இறங்கியது. பிரக்யான் ஊர்தி நகர்ந்து நகர்ந்து மண்ணைச் சோதித்தது. 2024 ஆகஸ்டில் நேச்சர் இதழில் முடிவு வெளியாயிற்று: அந்த மண்ணும் அனார்த்தோசைட் வகையைச் சேர்ந்ததே, பாறைக்குழம்புக் கடல் என்ற கருத்துக்கு அது வலுச்சேர்க்கிறது என்று. எங்கள் ஆடுகள் மேய்ந்த காட்டுக் கல்லில் நடை பழகிய ஒரு வண்டி, நிலவிலும் அந்த இனத்துக் கல்லின்மேலேயே உருண்டிருக்கிறது! இதைப் படித்த அன்று கட்டிய பெட்டியைப் பிரித்துவிட்டேன். அரியரையும் அடுத்த பருவத்தில் எழுதித் தேறினேன்.

அந்தக் குழம்புக் கடல் எங்கிருந்து வந்தது என்பது அடுத்த கேள்வி. நிலவு பூமி வயிற்றில் பிறந்த பிள்ளையா, கூடப்பிறந்தவளா, வேறெங்கிருந்தோ வாழ வந்தவளா என்று முன்பு மூன்று கட்சி இருந்தது. சார்லஸ் டார்வினின் மகன் ஜார்ஜ் டார்வின் முதல் கட்சி. இப்போது பெரும்பாலோர் ஏற்பது 1975, 1976ஆம் ஆண்டுகளில் உருவான மோதல் கொள்கை. சுமார் 450 கோடி ஆண்டுகளுக்கு முன் செவ்வாயளவு கோளொன்று இளம் பூமியின்மேல் மோத, சிதறிய உருகிய பொருள் திரண்டு நிலவாயிற்றாம். அந்தக் கோளுக்குத் தெயா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பூமியின் சராசரி அடர்த்தி 5.5, நிலவினது 3.3 மட்டுமே, காரணம் நிலவில் இரும்பு குறைவு. மோதிய கோளின் இரும்பு பூமியோடு போய்விட்டது என்றால் கணக்குச் சரியாகிறது. ஆனால் இரண்டின் ஆக்சிஜன் ஐசோடோப்புகளும் அச்சில் வார்த்ததுபோல் ஒத்திருக்கின்றன. வேற்றுக் கோளின் பொருள் கலந்திருந்தால் வேறுபாடு தெரிய வேண்டாமா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை.

பிறந்தபோது நிலவு நமக்கு மிக அருகில் இருந்தது. இன்று 3,84,400 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அப்போலோ வீரர்கள் வைத்துவிட்டு வந்த கண்ணாடிகளில் லேசர் ஒளி பட்டுத் திரும்பும் நேரத்தை அளந்து, ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் வீதம் அது விலகிப்போவதைக் காண்கிறார்கள். கடலின் ஏற்றவற்றம் பூமியின் சுழற்சிக்குத் தடைபோடுகிறது. பூமி இழக்கும் சுழற்சி நிலவைத் தள்ளிவிடுகிறது.

சென்ற விடுமுறையில் அம்மாவுக்கு அந்தக் கல்லைக் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அன்று துறை வாசலில் நானும் சிரித்ததையும் சொன்னேன்.

"பாத்தனே" என்றாள் அம்மா. வேறொன்றும் சொல்லவில்லை. கல்லை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "இந்தக் கல்லா? இது நம்ம காட்டுல கெடக்குதேடா" என்றவள், அதை எடுத்துப்போய் ஆட்டுக்குட்டி கட்டும் முளைக்கு அண்டை கொடுத்துவிட்டாள்.

இரவு அப்பா போனில் பேசினார். அம்மா அதற்குள் அவரிடம் விவரம் சொல்லியிருந்தாள். அப்பாவுக்கு அந்தக் கல்லைத் தெரியும். "அதுல போர் போட்டா பிட்டு தேஞ்சுபோயிரும்" என்றார். கொஞ்சநேரம் கழித்து, "அங்க தண்ணி இருக்குதாடா?" என்று கேட்டார். 2008இல் போன சந்திரயான் 1 நீரின் அடையாளத்தைக் கண்டதையும், துருவங்களில் வெயிலே படாத பள்ளங்களில் பனிக்கட்டி இருப்பதையும் சொன்னேன்.

"செரி, எத்தன அடியில?" என்றார் அப்பா.