பனிநாட்டு மனையும் நீராவியும்

குளிரால் அடியார் வருந்தியதனைச் சைவவுலகம் மறந்ததில்லை. ஆளுடைய பிள்ளையார் திருக்கொடிமாடச் செங்குன்றூரில் எழுந்தருளியிருந்த பனிக்காலத்தில், உடன்வந்த பரிசனங்களை நளிர்சுரம் பற்ற, திருநீலகண்டத் திருப்பதிகம் அருளி அந்நோயை நீக்கினார் என்பது சேக்கிழார் பெருமான் உரைத்தருளிய வரலாறு. இஞ்ஞான்று திருச்செங்கோடு எனப்படும் அத்தலம், எங்கள் கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலையையும் சேலத்தையும் கடந்து செல்லுந் தொலைவில் உள்ளது.

கல்வராயன் மலைமேல் வாழும் மலையாளி மக்கள் மார்கழி, தைத் திங்கட் குளிருக்கு அடுப்பங்கரையையே அடைக்கலமாகக் கொள்வர். வெள்ளிமலைப் பக்கத்து மனையொன்றில் இராத் தங்கியபோது யானும் அவ்வாறு படுத்ததுண்டு. மார்பு வெதும்பும், முதுகு விறைக்கும், புகையோ கண்ணைக் கரிக்கும். நெருப்பு இருக்குமிடத்தன்றிப் பிறிதோரிடத்தை வெப்பம் எய்தாமையே இம்முறையின் குறை.

நெருப்பை ஓரிடத்தே நிறுத்தி, வெப்பத்தை மட்டும் மனையெங்கும் செலுத்தும் முறையை நியூயார்க்கு நகரின் குயீன்சுப் பகுதியில் என் மகள் குடியிருக்கும் பழைய வீட்டிற் கண்டேன். நிலவறையில் ஒரு கொதிகலம். அறைதோறும் ‘ரேடியேட்டர்’ என்னும் வார்ப்பிரும்புக் கலம். இரண்டனையும் இணைப்பது ஒரே குழாய். எந்திரம் எதுவும் உந்தாமலே நீராவி மேலேறிக் கலத்துட் புகுந்து, குளிர்ந்து நீராகி, அக்குழாய் வழியே மீளக் கீழிறங்கும். அழுத்தமும் சதுர அங்குலத்திற்கு 2 பவுண்டுக்கு உட்பட்டதே. கள்ளக்குறிச்சி அரிசி ஆலைகளில் உமி எரித்து நெல் அவிக்கும் ஆவியைப் பார்த்துப் பழகிய எனக்கு, இஃது அதன் சாதுவான தம்பியாகத் தோன்றிற்று.

ஆயினும் பூசையறைக் கலம் மட்டும் சூடேறவில்லை. விசேட தீக்கை பெற்றோர் ஆன்மார்த்த பூசையை ஒருநாளும் விடலாகாது என்பதனை அன்பர்கள் அறிவர். வைகறையில் நீராடி அமர்ந்தால் விரல் மரத்து, முத்திரை கூடாது. திருமஞ்சனச் செம்பு கையில் நில்லாது. அஃதன்றியும், மந்திரம் எண்ணுங்கால் அக்கலத்துள் சம்மட்டி அடிப்பதுபோல் ஓசை எழும். அறுபதைக் கடந்த உடம்பிற்கு அயல்நாட்டில் பூசை முட்டுப்படுமோ என்பதே எனக்கு அச்சமாயிற்று. பார்க்க வந்த பணியாளர் ஒருவர், கலங்கள் யாவும் பழமைப்பட்டன, எல்லாவற்றையும் அகற்றுக என்று கூறிப் போயினார்.

“மாமா, எல்லாத்தையும் கழற்றிட்டு மின்சாரத்தில் சூடேறுவதாகப் போட்டுவிடலாமா? உங்களுக்குப் பூசை தடைப்படக் கூடாது” என்றார் மருமகன்.

“இரும்பு என்ன செய்தது, மாப்பிள்ளை? ஆவி ஏன் உள்ளே வரவில்லை என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்” என்றேன்.

முதிய தொழிலாளி ஒருவர் வந்து சோதித்தார். ஆவி வருமுன் கலம் நிறையக் காற்றிருக்கும். அக்காற்று வெளியேறப் பக்கத்தே சிறியதொரு காற்றுப்போக்கி உண்டு. ஆவி தீண்டியவுடன் அது தானே மூடிக்கொள்ளும். எங்கள் பூசையறைக் கலத்தில், பன்முறை பூசிய வண்ணம் அத்துளையை அடைத்திருந்தது. தரையும் தாழ்ந்து கலம் மறுபுறம் சாய்ந்தமையால், மீளவேண்டிய நீர் உள்ளே தேங்கிற்று. விரைந்து வரும் ஆவி அந்நீரை வாரி மோதுதலே சம்மட்டி ஓசைக்குக் காரணம். காற்றுப்போக்கியை மாற்றி, கால்களின் கீழ் மரத்துண்டு வைத்துக் குழாய்ப்பக்கம் சரிவு தந்தார். அரைமணியில் இரும்பு கொதித்தது, ஓசையும் அவிந்தது.

அன்று மாலை எனக்கு மடத்துப் பாடம் நினைவிற்கு வந்தது. இருள் நீங்கியபின் ஒளி வருமோ, ஒளி வந்தபின் இருள் நீங்குமோ என்று ஆசிரியர் வினவுவார். இரண்டும் உடனிகழ்ச்சி என்பதே விடை. காற்றும் ஆவியும் அவ்வாறே. பின்னும் ஒன்று. ஒரு கிராம் நீரை 0 பாகையினின்று 100 பாகைக்கு உயர்த்த 100 கலோரி போதும். அக்கொதிநீரை ஆவியாக்கவோ ஏறத்தாழ 540 கலோரி வேண்டும். இத்துணையும் உட்புகுந்தும் வெப்பமானி ஒரு பாகையும் ஏறிக் காட்டாது. கிளாசுகோவில் ஆசிரியராயிருந்த யோசப்பு பிளாக்கு 1760-களில் ஆராய்ந்து கண்ட இதனை ‘உள்ளுறை வெப்பம்’ என்பர். ஆவி மீண்டும் நீராகுமிடத்தே அவ்வளவும் வெளிப்படும். மலத்தோடு உடனின்று, மறைந்து தொழிற்பட்டு, அது பரிபாகமுற்றவழி அருளாய் வெளிப்படும் திரோதான சத்தி வேறு, அருட்சத்தி வேறு அல்ல என்பதற்கு இதனை ஒருபுடை உவமையாகக் கொள்ளலாம். ஒருபுடையே, ஆவி ஈந்து குளிரும், அருளுக்கு அக்குறைவில்லை.

கலங்களுள் இரண்டு மட்டும் மெய்யாகவே வெடித்திருந்தன. அவற்றை மாற்றுங்கால் அத்தொழிலாளி காட்டிய கருத்து பாராட்டற்பாலது. வெந்நீர் ஓடும் அமைப்பிற்கெனச் செய்த மெல்லிய எஃகுத் தகட்டுக் கலம் ஒருகுழாய் ஆவிக்கு இயையாது, வார்ப்பிரும்பே வேண்டும். மேற்பரப்பும் பழையதற்கு ஒத்திருத்தல் வேண்டும். எல்லாக் கலங்களின் பரப்பையும் கூட்டியே கொதிகலத்தின் ஆற்றலை அளக்கின்றனர். பழைய குழாய்களின்மேற் சுற்றிய வெண்போர்வை கல்நாராக இருத்தல் கூடுமாதலின், அதனைத் தொடாமல் அதற்குரியாரை அழைக்கச் செய்தார்.

மக்கள் அழைப்பிற் பனிநாடு செல்லும் முதியோர் ஒன்று கருத்திற் கொள்க. ஒருகுழாய்க் கலத்தின் வால்வை முற்றத் திறத்தல் வேண்டும், அன்றேல் முற்ற மூடுதல் வேண்டும். சூட்டைக் குறைக்கக் கருதிப் பாதி திறப்பின், இறங்கும் நீரும் ஏறும் ஆவியும் அவ்வாயிலிற் போராடும். திருமஞ்சனத்திற்குரிய நீரை முதல்நாள் இரவே செம்பிற் கொணர்ந்து கலத்தின் அருகே வைத்துவிடின், விடியலில் இளஞ்சூடாகக் கைக்கு இதமாயிருக்கும்.