பனங்கிழங்கும் பத்தியமும்

நோய் வந்தபின் மனிதனுக்கு உறவினர் பெருகுகின்றனர். ஒவ்வோர் உறவினரும் ஒரு வைத்தியராகின்றார். எனக்கு நீரிழிவு உண்டென்று இரத்தப் பரிசோதனை சொல்லி இது நான்காவது ஆண்டு. இதற்குள் எனக்குக் கிடைத்த ஆலோசனைகளைத் தொகுத்தால் ஒரு பாடநூல் ஆகும். அவற்றுட் பாதி தை, மாசி மாதங்களில் வந்தவை. அது யாழ்ப்பாணத்திற் பனங்கிழங்கு கிண்டும் காலம்.

பனங்கிழங்கை உருளைக்கிழங்கோடும் மரவள்ளியோடும் ஒருசேர எண்ணுவோர் அதன் பிறப்பை அறியாதவர். ஆடி, ஆவணியில் விழும் பனம்பழத்தைப் பிசைந்து களி எடுத்தபின் எஞ்சும் விதைகளை, மணற்பாங்கான நிலத்தில் மண்ணை உயர்த்திப் பாத்தி கட்டி, நெருக்கமாக அடுக்கி, மேலே மண் மூடி விடுவர். ஐப்பசி, கார்த்திகை மழை மற்றதைப் பார்த்துக்கொள்ளும். அவ்விதையின் முளை வானத்தை நோக்கி எழுவதில்லை. மண்ணைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்குகின்றது. விதைக்குள் இருக்கும் பூரான் அங்குள்ள உணவையெல்லாம் உறிஞ்சிக் கீழே அனுப்ப, முளை திரண்டு கிழங்காகின்றது. மூன்று நான்கு மாதங் கழித்துக் கிண்டும்போது விதை வெறுங் கோதாய்க் கிடக்கும். அதுதான் ஊமல். காய்ந்தால் அடுப்புக்கு அதனினும் நல்ல விறகு இல்லை. என் வகுப்பில் ஊமல் யாதென்று ஒரு நாள் வினவினேன். நாற்பது மாணவரில் மூவரே கை உயர்த்தினர். அம்மூவரும் பாட்டியோடு வளரும் பிள்ளைகள்.

என் தந்தையாருக்கும் இந்நோய் இருந்தது. அறுபத்தோராம் வயதில் வலக்காலின் இரு விரல்களை இழந்தார். கடைசி ஆண்டுகளிற் பார்வை மங்கிப்போக, பத்திரிகையை நானே அவருக்கு வாசித்துக் காட்டுவேன். ஆகையால் நீரிழிவைப் பற்றி வேடிக்கை பேசுவோரிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

என் அன்னையாருக்கு அந்த நினைவு என்னிலும் அதிகம். சிகிச்சை நிலையத்தில் எனக்குத் தந்த தாளில் 'கிழங்கு வகைகளைத் தவிர்க்கவும்' என்று ஒரு வரி இருந்தது. அதை அவர் இரண்டு முறை வாசித்தார். அவ்வாண்டு ஆவணியில் வேலியோரம் விதைகள் குவிந்து கிடந்தன, பாத்தி கட்டப்படவில்லை. கேட்டதற்கு, "உனக்கு ஆகாத சாமானை நான் ஏன் தம்பி போடவேணும்?" என்றார். தை பிறந்தது, எங்கள் அடுப்பிற் கிழங்கு வேகவில்லை. அயல்வீட்டார் கொடுத்த கிழங்கையும் அவர் தொடவில்லை. அவருக்கு ஒரு நோயும் இல்லை. எழுபத்தாறு வயதில் தமக்கு விருப்பமான ஒன்றை என் பொருட்டு விட்டுவிட்டார். அது எனக்கு மருந்திலும் கசந்தது.

மறுபுறம், மாமன் முறையான ஒருவர், "பனங்கிழங்கு சலரோகத்துக்கு மருந்தடா, வயிறு நிறையச் சாப்பிடு" என்று தைரியமூட்டினார். பனையைப் பற்றி ஆராய்ச்சி நடந்தது உண்மைதான். ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழக ஆய்வாளர் பனம்பழக் களியிலுள்ள கசப்புப் பொருளைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்து, குருதியிற் சீனி ஏறுவது குறைவதைக் கண்டனர். ஆனால் அது களி, இது கிழங்கு. அவை சுண்டெலிகள், நான் ஆசிரியன். கிழங்கில் நார் மிகுதி, அதனாற் சமிபாடு மெதுவாகும் என்பது சரி. எனினும் நாருக்கு நடுவில் இருப்பது மாப்பொருளே. சோறு எதுவோ அதுவேதான்.

இறுதியில் வைத்தியரிடமே கேட்டேன். அதுவரை ஒருவரும் கேட்காத கேள்வியை அவர் கேட்டார்: "எத்தனை கிழங்கு?" நடுத்தரமானவை இரண்டு என்றேன். "அன்றைக்குச் சோற்றை எவ்வளவு குறைப்பீர்கள்?" என்றார். இரண்டு அகப்பை என்றேன். அயல்வீட்டுக் கிழங்கைக்கொண்டு வீட்டில் பரிசோதித்தேன். மூன்று அகப்பைச் சோறு உண்ட நாளில், இரண்டு மணித்தியாலங் கழித்துச் சீனி 168. ஓர் அகப்பைச் சோறும் இரண்டு கிழங்கும் உண்ட நாளில் 161. வேறொரு நாள் பார்த்தபோதும் பெரிய வேறுபாடில்லை. இது என் உடம்பின் கணக்கு. வாசகர் தத்தம் வைத்தியரோடு தத்தம் கணக்கைப் பார்த்துக்கொள்க.

அடுத்த ஆவணியில் அந்தக் குறிப்புப் புத்தகத்தை அன்னையாரிடம் காட்டினேன். எண்களை நம்பினாரோ, என் முகத்தை நம்பினாரோ தெரியாது. முந்நூறு விதை அடுக்குபவர் அறுபது அடுக்கினார்.

கிண்டிய அன்றே அவித்தாற்றான் கிழங்குக்கு அந்த மணம் வரும். வேரையும் நுனியையும் நறுக்கி, மண்போகக் கழுவி, பானையில் நிறுத்தி அடுக்கி, உப்பும் சிறிது மஞ்சளும் இட்டு, நீர் மட்டாக விட்டு மூடவேண்டும். அவசரப்பட்டு இறக்கினால் நடுவிற் கயர்க்கும். வெந்தபின் தோலை உரித்து நெடுக்காகப் பிளந்து, குருத்தை நீக்கி, தும்பை இழுத்து எறிந்து, தேங்காய்ச் சொட்டோடு கடித்து உண்பது ஒரு வகை. சிறு துண்டுகளாக முறித்து உரலில் இட்டு, பச்சைமிளகாய், மிளகு, உள்ளி, தேங்காய்ப்பூ சேர்த்து இடித்து உருண்டை பிடிப்பது மற்றொரு வகை. இரண்டாவதே சுவையில் உயர்ந்தது என்பது என் துணிவு; ஆனால் உருண்டையில் எத்தனை கிழங்கு இருக்கிறதென்று எண்ண முடியாது. ஆகையால் நான் முழுக்கிழங்கோடு நின்றுவிடுகிறேன். பங்குனி பிறந்தால் நார் முற்றிவிடும். அதற்குமுன் எஞ்சியவற்றை அவித்து வெயிலிற் காயவைத்துப் புழுக்கொடியலாக்கிக் கொழும்பிலுள்ள தங்கைக்கு அனுப்புகிறோம்.

இவ்வாண்டும் அவ்வாறே. அன்னையார் என் தட்டில் இரண்டை வைத்து, "சோறு ஒரு அகப்பைதான், சொல்லிப்போட்டன்" என்கிறார். மூன்றாவதைத் தாமே பிளந்து, தேங்காய்ச் சொட்டோடு மெல்லத் தின்னத் தொடங்குகிறார்.