காலை எடுத்த பிறகும்

இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில், ஓர் இறுக்கமான வளைவை விட்டு வெளியே வரும்போது என் எஸ்டீம் அழும். டயர் கத்துவது எல்லாருக்கும் நடப்பதுதான். இது வேறு. எடை முழுக்க வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் போய்விடும். உள்பக்க முன்சக்கரம் தரையைப் பட்டும் படாமலும் தொட்டுக்கொண்டு சும்மா சுற்றும். என்ஜின் உறுமும், புகை வரும், வண்டி நகராது. அதற்குள் பின்னால் வந்தவர் கையை ஆட்டிவிட்டுப் போயிருப்பார்.

2004 மாடல், 1.3 லிட்டர். வார நாட்களில் மென்பொருள் வேலை, மிச்சம் பிடித்த காசில் வருடத்துக்கு ஐந்தாறு நாள் இந்தக் கூத்து. "லிமிட்டட் ஸ்லிப் போடு" என்றார்கள் கூட ஓட்டுகிறவர்கள். எந்த வகையைப் போடுவது என்று தேட ஆரம்பித்தவன், எதிர்பாராத ஓர் இடத்தில் போய் நின்றேன்.

வண்டி திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்சக்கரம் குறைவாக. அதற்காகத்தான் டிஃபரன்ஷியல். "சுத்துற சக்கரத்துக்கே பவர் எல்லாம் போயிடுது" என்பார்கள். அது பாதி உண்மை. சாதாரண டிஃபரன்ஷியல் முறுக்கு விசையை எப்போதும் இரண்டு பக்கமும் சமமாகத்தான் கொடுக்கும். சிக்கலே அந்தச் சமத்தில்தான். பிடிப்பில்லாத சக்கரம் 300 நியூட்டன் மீட்டர்தான் தாங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 900 தாங்கக்கூடிய மற்ற சக்கரத்துக்கும் அதே 300தான் கிடைக்கும். ஏலாதவன் அளவுதான் இருவருக்கும். 1930-களில் ஆட்டோ யூனியன் பந்தயக் கார்களும் இதே நோயில்தான் உள்சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு நின்றன. பெர்டினாண்ட் போர்ஷே அதற்கு வைத்தியம் தேடிய பிறகுதான் இந்தச் சாமான் பந்தயத்துக்குள் வந்தது.

இதைப் படித்தபோது எனக்கு ஜெர்மனி ஞாபகம் வரவில்லை. விக்கிரவாண்டிக்குப் பக்கத்தில் எங்கள் கழனிதான் வந்தது.

பத்தாவது லீவு. சொர்ணவாரிப் பட்டத்துக்குச் சேடை ஓட்டிக்கொண்டிருந்தோம். அன்றைக்கு சித்தப்பா டிராக்டரை என்னிடம் கொடுத்துவிட்டு வரப்பில் நின்றார். கழனியை விட்டு ஏறுகிற இடத்தில் ஒரு பக்கச் சக்கரம் சேற்றில் இறங்கிச் சுழன்றது. "லாக்கை மிதிடா" என்றார். சீட்டுக்குக் கீழே குதிகாலால் மிதிக்கிற சின்ன பெடல். மிதித்தால் இரண்டு பின்சக்கரமும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். மிதித்தேன், ஏறிவிட்டது. காலை எடுத்துவிட்டு இடது பக்கம் ஒடித்தேன். ஸ்டியரிங் திரும்பியது, டிராக்டர் திரும்பவில்லை. நேராக மோட்டார் கொட்டாய்க்குப் போனது. சுவருக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவில் சித்தப்பாவின் வலது கால்.

இன்றைக்கும் அவர் ஒரு பக்கம் சாய்த்துத்தான் நடக்கிறார். வீட்டில் எல்லாரிடமும் தானே ஓட்டியதாகச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் மட்டும் ஒரு தடவை, "நீ காலை எடுக்கலடா" என்றார். எடுத்தேன் சித்தப்பா என்று நான் சொல்லவில்லை. எடுத்தேனா என்பதே சில வருடங்களில் எனக்குச் சந்தேகமாகிவிட்டது.

காருக்காக லாக் வகைகளைப் படித்துக்கொண்டிருந்த ஒரு ராத்திரியில்தான் அந்த வரி வந்தது. டிராக்டர் லாக்கில் பல்லும் பல்லும் கோத்துக்கொள்ளும். ஒரு சக்கரம் கெட்டித் தரையிலும் மற்றது சேற்றிலும் இருந்தால், பெடலை விட்டாலும் அந்தப் பல் விடாது. பாரம் குறைகிற வரை இறுகியே இருக்கும். மணி ரெண்டு. எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து திரும்பவும் படித்தேன்.

அதற்கப்புறம் என் தேர்வு நேர்மையாக நடந்தது என்று சொல்ல முடியாது. திண்டிவனத்தில், மரக்காணம் ரோட்டில் எனக்கு ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். "எதுக்கு சார் செலவு? உள்ள இருக்கிற பல்லுக்கு வெல்டு வச்சிடுறேன், ரெண்டும் ஒண்ணா சுத்தும்" என்றார். சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே செய்கிறவர்கள் உண்டு. எனக்கு வயிறு கலங்கியது.

அடுத்தது கிளட்ச் பிளேட் வகை. ஒரு சக்கரம் அந்தரத்தில் இருந்தாலும் ஓரளவு பிடிக்கும். முன்கூட்டியே கொடுத்து வைத்த இறுக்கம் அதற்கு உண்டு. ஆனால் முன்சக்கர இயக்கத்தில் அது ஸ்டியரிங்கைக் கையிலிருந்து பிடுங்கும். தவிர எஸ்டீமில் டிஃபரன்ஷியல் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. பிளேட் தேய்ந்து உதிர்கிற தூளெல்லாம் கியர் ஆயிலில்தான் கலக்கும்.

கடைசியாக, சாய்வுப் பல் கியர்களால் ஆன ஹெலிகல் வகை. இதில் தேய பிளேட் இல்லை. பாரம் ஏறும்போது கியர்கள் கூட்டின் சுவரில் அழுந்தி, பிடிப்புள்ள பக்கத்துக்கு அதிகம் அனுப்பும். விகிதம் இரண்டரை என்றால் அந்த 300-க்கு எதிரே 750 வரை. காலை எடுத்தால் தளர்ந்துவிடும். ஒரு குறை உண்டு: சக்கரம் முழுசாக அந்தரத்தில் போய்விட்டால் பூஜ்யத்தை இரண்டரையால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். தடத்தின் ஓரக்கட்டையில் ஏறி ஓட்டுகிற ஆளுக்கு அது ஆகாது. நான் கட்டையைத் தொட மாட்டேன் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு அதை வரவழைத்தேன். சுங்கத்தோடு சேர்த்து லட்சத்தைத் தாண்டியது. மனைவியிடம் சொன்ன கணக்கு வேறு.

கியர்பாக்ஸை இறக்குகிற அன்று, விழுப்புரத்தில் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு சித்தப்பாவையும் அழைத்துக்கொண்டு திண்டிவனம் வந்தேன். பெஞ்சில் உட்கார்ந்து அந்தச் சாமானை மடியில் வைத்துக்கொண்டார். ஒரு பக்கத்தைக் கையால் சுற்றினார். மறுபக்கம் எதிர்த்திசையில் லேசாகச் சுற்றியது.

"பூட்டவே இல்லையேடா?"

"பாரம் வந்தாத்தான் பிடிக்கும் சித்தப்பா. காலை எடுத்தா விட்டுடும்."

கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருந்தார். நான் சொல்லிவிட்டேன். "அன்னிக்கு நான் காலை எடுத்துட்டேன். பாரத்துல அது விடல."

"தெரியும்டா" என்றார். "மறு வருஷமே எனக்கும் அப்படி ஆச்சு. கிளட்ச்சை மிதிச்சாத்தான் விடும். உனக்கு நான் அதைச் சொல்லித் தரல."

"அப்புறம் ஏன் சொல்லல?"

அவர் பதில் சொல்லவில்லை. மெக்கானிக் அண்ணன் பழைய கூட்டிலிருந்து கழற்றிய கிரவுன் வீலைத் துடைத்துக்கொண்டு வந்து கையை நீட்டினார். சித்தப்பா மடியில் இருந்ததைக் கொடுத்துவிட்டு, வேட்டியில் பட்ட கிரீஸைப் பார்த்து, "உங்க சித்தி திட்டுவா" என்றார்.