வெள்ளை ஒயர்

டிசம்பர் 14, ஞாயிறு

நேற்று ராத்திரி பேரணாம்பட்டிலிருந்து துத்திப்பட்டுக்கு டிராக்டரில் உப்புத் தோல் லோடு. நல்ல பனி. பின்னால் வந்த பைக் டிரெய்லரை ஒட்டி வந்து கடைசி நொடியில் ஒடித்து விலகியது. புருஷன், பெண்சாதி, நடுவில் தூங்கும் குழந்தை. இறங்கிப் பார்த்தேன். பிரேக்கை மிதித்தால் சிவப்பு விளக்கு அகல் திரிபோல மினுங்கியது; இண்டிகேட்டர் போட்டால் எல்லா விளக்கும் சேர்ந்து துடித்தன. விடியும்வரை அந்தக் குழந்தை கண்ணுக்குள்ளேயே நின்றது.

காலையில் டிரெய்லர் விளக்கு சாக்கெட்டைக் கழற்றினேன். பின் எல்லாம் பச்சைக் களிம்பு. டேனரியில் தோலை ஊறப்போடும் முன் உப்பை உதறுவார்கள். அதற்குள் பாதி உப்பு என் டிரெய்லர் பலகை வழியே ஒழுகிவிடுகிறது.

டிசம்பர் 15, திங்கள்

எலக்ட்ரீஷியன் பாய் புது செவன் பின் சாக்கெட்டைக் கையில் கொடுத்தார். கலரைப் பார்க்காமல் முதுகில் இருக்கும் நம்பரைப் பார்க்கச் சொன்னார். 1 இடது இண்டிகேட்டர், 4 வலது, 5-ம் 7-ம் டெயில், 6 பிரேக், 3 எர்த். 2 நமக்கு வேண்டாம்.

பழைய சாக்கெட்டில் மூன்றாம் பின்னில் ஒயரே கிடையாது.

"கொக்கியிலதான் எர்த் கெடைக்குதே பாய்?"

"கொக்கிய நம்பாதீங்க தம்பி. கிரீஸு, துரு, உங்க உப்பு, எல்லாம் அங்கதான் இருக்கு. எர்த் போச்சுன்னா கரண்ட்டு பக்கத்து இழை வழியாப் பூந்து வழி தேடும். அதான் அன்னிக்கு நீங்க பார்த்த மினுக்கு."

பேட்டரி நெகட்டிவிலிருந்து தடித்த வெள்ளை ஒயர் ஒன்றைத் தனியாக இழுத்தோம். டிரெய்லரிலும் ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த். பிரேக் இரண்டு பல்பு 42 வாட், இண்டிகேட்டர் 21, டெயில் 10. எல்லாம் சேர்ந்தாலும் 12 வோல்ட்டில் ஆறு ஆம்பியர்தான். 10 ஆம்பியர் ஃபியூஸ் போட்டார். பிளாஷருக்கு இப்போது ஒரு பக்கம் மூன்று பல்பு, 63 வாட். பழையது படபடவென்று அடித்தது, மாற்றினோம்.

அதிக நேரம் பிடித்தது ஒயரைக் கட்டுவதற்குத்தான். சின்ன டிராக்டரில் பின்பக்கம் இடமே இல்லை. ஹைட்ராலிக்கை முழுக்கத் தூக்கி, முழுக்க இறக்கி, அதன் கை எங்கெல்லாம் போகிறது என்று பார்த்துப் பார்த்து, மட்கார்டின் உள்விளிம்பை ஒட்டி ரப்பர் குழாய்க்குள் கொண்டுபோனோம். ரோட்டவேட்டர் மாட்டும் நாளில் அறுந்தால் இத்தனை பாடும் வீண். டிரெய்லர் கேபிளுக்கு, வண்டி முழுசாக ஒடித்துத் திரும்பும் அளவுக்குத் தொய்வு விட்டோம்.

டிசம்பர் 16, செவ்வாய்

1989 மோட்டார் வாகன விதிப்படி பின்சிவப்பு 155 மீட்டருக்குத் தெரிய வேண்டும். பொழுது சாய்ந்ததும் பையனை சீட்டில் உட்காரவைத்து வரப்பில் அந்தத் தூரத்துக்கு 210 தப்படி எண்ணி நடந்தேன். "மிதிடா!" என்றேன். தென்னைகளுக்கு நடுவே இரண்டு சிவப்பும் ஒன்றாகப் பளிச்சென்று எரிந்தன. இடது. வலது. ஒன்று துடிக்கும்போது மற்றது அசையவில்லை. இன்னொரு தரம் மிதிக்கச் சொன்னேன்.

திரும்பி வந்து பின்களில் வாசலின் தடவி மூடியை அழுத்தினேன். நாளைக்குப் பேரணாம்பட்டு லோடு.